உன் அம்மா முடிக்காத மூன்று போர்வைகள்

தம்பி,

நீயும் நித்யாவும் கேட்டுவிட்டுப் போன போர்வை உங்களுக்குக் கிடைக்காது. இதைச் சொல்ல ஒரு போன் போதும்தான். ஆனால் ஏன் என்று நீ கேட்பாய், நான் ஏதாவது ஒரு சாக்குச் சொல்வேன், நீயும் நம்பிவிடுவாய். நீ பிறந்ததிலிருந்து நம் வீட்டில் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். தை மாதம் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். படித்து முடித்ததும் என்மேல் கோபப்பட உனக்கு இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று பழையது. இன்னொன்று போன வாரம் நான் செய்தது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் பட்டாபிராம் வீட்டுக்கு வந்தீர்களே, அன்றிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டேஷனிலிருந்து வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டதில் நித்யா நனைந்துவிட்டாள். உன் அம்மா கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டாள். அந்தப் பெண் அதைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு ஒட்டுத் துணியாகத் தடவிப் பார்த்து, "அத்தை, இது நீங்களே கையால தைச்சதா? எங்களுக்கும் ஒண்ணு தைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். அம்மா தன் வலது கையை விரித்துக் காட்டினாள். "சுகர் வந்ததுலேர்ந்து வெரல்ல உணர்ச்சியே இல்லம்மா. ஊசி குத்துனாக்கூட ரத்தத்தப் பாத்துதான் தெரிஞ்சிக்கிறேன்." நித்யாவின் முகம் வாடியதைப் பார்த்து நான் குறுக்கே பாய்ந்தேன். "பெட்டியில பாதி தைச்சது மூணு கிடக்கும்மா. நான் முடிச்சுத் தர்றேன். முப்பத்தாறு வருஷம் தையல்காரன் நான்." நீ கை தட்டினாய். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி எடுத்துக்கொண்டே பழகியவன் நான்.

அந்தப் போர்வைகளின் கதை உனக்குத் தெரியாது. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் நமக்குப் பக்கத்து வீட்டில் கங்கம்மா என்று ஒருவர் இருந்தார், ஹூப்ளிப் பக்கத்துக்காரர். பழைய புடவைகளை மூன்று நான்கு அடுக்காக விரித்து, மேலே ஒட்டுத் துணிகளை வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போவார். ஒரு போர்வைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். உன் அம்மா கரையான்சாவடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அந்தக் குவார்ட்டர்ஸில் அவளுக்குப் பேச்சுத் துணையே இல்லை. கங்கம்மாவுக்குத் தமிழ் அரைகுறை, இவளுக்குக் கன்னடம் சுத்தமாகத் தெரியாது. துணியைக் காட்டிக் காட்டியே இரண்டு பேரும் சிநேகிதமானார்கள். ஒட்டுத் துணிகளை முதலில் மிஷினில் இணைத்துக்கொண்டு பிறகு கையால் தைப்பது மட்டும் உன் அம்மா தானாகக் கண்டுபிடித்தது. அவளுடைய அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த கால் மிஷின் அது.

நான் அப்போது தொழிற்சாலையில் ராணுவக் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒரே மடிப்பு, ஒரே தையல். ஒரு அங்குலத்தில் இத்தனை தையல் விழ வேண்டும் என்று கணக்கு. ஒன்று குறைந்தாலும் இன்ஸ்பெக்டர் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி எறிவார். ஒருநாள் என் துணிகள் ஒரு கட்டாகத் திரும்பி வந்தன. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், உன் அம்மா பாதி தைத்த தன் முதல் போர்வையைக் கூடத்தில் விரித்துப்போட்டிருந்தாள், கங்கம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் சிரித்த முகம். எனக்கு என்ன வந்ததோ, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். குனிந்து, அவளுடைய தையல் எங்கெல்லாம் கோணலாக ஓடியிருந்ததோ அங்கெல்லாம் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனேன். "ரிஜெக்ட். இதுவும் ரிஜெக்ட்." வேடிக்கை என்று நினைத்து அந்தப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். உன் அம்மா ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதில் சர்க்கரை சரியாக இருந்தது. அந்தப் போர்வையை அவள் மறுபடி தொடவே இல்லை.

வேறு போர்வைகள் தைத்தாள். நீ பிறந்ததும் உனக்குச் சின்னதாக ஒன்று, வீட்டுக்கு நாலைந்து. நான் வேலைக்குப் போன பிறகு தைத்து, நான் வருவதற்குள் மடித்து வைத்துவிடுவாள். வீட்டில் அமைதியாக இருப்பது என்றால் இதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முடிக்காமல் விட்ட இரண்டாவது போர்வைதான் நான் சொல்ல வேண்டியது. உனக்கு எட்டு வயது இருக்கும். கரையான்சாவடியில் பெண்களுக்கு ஒரு தையல் வகுப்பு தொடங்கினார்கள். அதை நடத்தியவர், உன் மாமா வீட்டில் இவள் தைத்துக் கொடுத்திருந்த போர்வை ஒன்றைப் பார்த்துவிட்டு, விலாசம் விசாரித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். வாரத்தில் நான்கு நாள் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா, மாதிரிக்கு ஒன்று தைத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் மரியாதையாகத்தான் பேசினேன். "தாராளமா செய்யட்டும்" என்றேன். வந்தவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே உன் அம்மா புதுப் போர்வைக்குத் துணி வெட்ட ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் கால்வாசி இணைத்துவிட்டாள். வேலை செய்துகொண்டே பாடுவாள். அவள் பாடி நான் கேட்டதே அந்த ஒரு வாரம்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் என்னால் நேராகச் சொல்ல முடியவில்லை. தையல் என் தொழில். அதில் என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட வந்ததில்லை. கோணல் தையல் என்று நான் பெருக்கல் குறி போட்டதைத் தேடி ஒருவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது வந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. ஒரு காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, மிஷினுக்கு அடியில் கையை விட்டு, அடி நூல் உருளை உட்காரும் பாபின் கேஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். கட்டை விரல் அளவுதான் இருக்கும். அது இல்லாமல் மிஷினில் ஒரு தையல் விழாது. சாயங்காலம் வந்தேன். உன் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் எடுத்துப் போனேன். அதற்கு மறுநாளும். ஏழு மாதம், தம்பி. இரவில் அலமாரியில் என் சட்டைக்கு அடியில் வைத்துப் பூட்டுவேன், காலையில் பைக்குள் போட்டுக்கொள்வேன். உன் நிக்கர் கிழிந்து, கைத் தையல் நிற்காமல், மிஷினில் தைத்துக் கொடுக்கச் சொல்லி நீ அழுதாய். "மிஷின் கெட்டுப் போச்சுடா" என்று நான்தான் சொன்னேன். நீ ஊக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய்.

உன் அம்மா கையாலேயே இணைக்கப் பார்த்தாள். சொன்ன தேதிக்குள் முடியாது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். வகுப்புக்கார அம்மா மறுபடி வந்தபோது வாசலில் நின்று நானே பதில் சொன்னேன். "அவளுக்கு உடம்பு முடியலைங்க." உன் அம்மா உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அங்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று உன் மாமா சொன்ன அன்று பாபின் கேஸைத் திரும்ப மாட்டி வைத்தேன். அன்று மாலையே அவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, உன் நிக்கரை எடுத்துத் தைத்தாள். எப்படிச் சரியாயிற்று என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது போர்வை நான்கு வருஷத்துக்கு முன் விரல் மரத்துப்போனதால் நின்றது. அது ஒன்றுதான் என் காரணமாக நிற்காதது. அதை நினைத்து நான் ஆறுதல்கூடப் பட்டிருக்கிறேன். அதிலிருந்தே நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துகொள்.

நீங்கள் வந்துபோன மறுநாள் பெட்டியைத் திறந்தேன். முடிக்காததைத் தொடுவதற்கு முன்னால், நைந்துபோன பழைய போர்வைகளைச் சரிபார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போர்வை முதலில் கிழிவது மோவாய் உரசும் ஓரத்தில்தான். அடுத்து, குதிகால் மாட்டி இழுக்கும் இடத்தில். நான் கடைக்குப் போய் நல்ல புதுத் துணி வாங்கிவந்து, கிழிசலுக்கு மேல் வைத்து, மிஷினில் நெருக்கமாகத் தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு தடவை துவைத்ததும் புதுத் துணி சுருங்கி, சுற்றியிருந்த பழைய துணியை இழுத்து, நாலு பக்கமும் புதிதாகக் கிழித்துவிட்டது. கொடியில் தொங்கிய போர்வையை உன் அம்மா பார்த்தாள். "பழசு மேல புதுசு வச்சா இழுக்கும்யா. நாலு தபா தோச்ச துணியா பாத்து வெக்கணும். பழைய ஓட்டையிலயே ஊசிய வுட்டு எடுக்கணும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தையலைப் பற்றி அவள் எனக்கு ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபடி செய்தேன். பழைய போர்வைகளில் மூன்று நன்றாகவே வந்தன. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கார்த்திகை தீபத்துக்கு அவள் உன் மாமா வீட்டுக்கு நான்கு நாள் போனாள். அந்த நான்கு நாளில் இரண்டாவது போர்வையை எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று நீயே புரிந்துகொள்வாய். சாப்பாட்டை ஓட்டலில் வாங்கி வைத்துக்கொண்டு, காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்தேன். மீதி ஒட்டுக்களை இணைத்தேன், அடுக்குகளை நேர்செய்தேன், கோடு போட்டுக் கோடு விலகாமல் தைத்தேன். ஓரப் பட்டி கட்டி முடித்தபோது, ஒரு பாவம் தீர்ந்தது என்றுகூட நினைத்தேன். அவள் வரும் நாளில் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். கட்டிலைப் பார்த்தாள். விரல் உதவாது என்பதால், குனிந்து கன்னத்தைத் துணியில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இதுங்காட்டியும் என்னுது. இதுக்கு அப்பால உன்னுது" என்றாள். "யாரு கேட்டா உன்ன?"

"புள்ள கல்யாணத்துக்குடி. நித்யா ஆசைப்பட்டுச்சே."

"பிரிச்சிடு."

"என்னடி சொல்றே? நாலு நாள் உக்காந்து…"

"நீ போட்டத எல்லாம் பிரி. நான் வுட்ட எடத்துலயே நிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்தால்கூட உனக்குப் பொறுக்காதா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. நிமிர்ந்து என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"ஏழு மாசம் பாபின் கேஸ இங்க போட்டுகினு போனல்ல. சட்டப் பையில எண்ணெக் கறை. வாராவாரம் யாரு தேச்சது? நான்தானே சோப்பு போட்டு தேச்சேன். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா?"

 நான் மடையன் மாதிரி ஒரு கேள்வி கேட்டேன். "கடையில வேற வாங்கி மாட்டியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம். அத்தயும் எடுத்துகினு போயிருப்பே. எத்தினி நாளைக்குத்தான் நீ எடுத்துகினு போறேன்னு பாக்கலாம்னு இருந்தேன்." பையிலிருந்து துணிகளை வெளியே எடுத்துக்கொண்டே சொன்னாள். "என்னிக்காச்சும் ஒருநாள் நீ மறந்து வச்சிட்டுப் போவேன்னு பாத்தேன். ஒருநாள்கூட மறக்கல நீ."

பிரிக்க ஒன்பது நாள் ஆயிற்று. தொழிற்சாலைத் தையல் அல்லவா, அங்குலத்துக்கு அங்குலம் நெருக்கம். பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக அறுத்து எடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் அவளுடைய துணி கிழியும். அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தாள். ஒரு இடத்தில் அவளுடைய தையலையும் சேர்த்து இரண்டு கண்ணி அறுத்துவிட்டிருந்தேன். அதை மட்டும் சரிசெய்யட்டுமா என்று கேட்டேன். "வாணாம்" என்றாள். பிரித்து முடித்ததும் அவள் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேனா என்று நீ நினைப்பாய். கேட்டேன். "செரி" என்றாள். மாவு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எப்படிச் சொல்வாளோ, அப்படி.

இவ்வளவும் எனக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தது. உனக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. நீங்கள் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது நித்யா ஒரு சேதி சொன்னாள். கம்பெனியில் புது வேலை ஒன்றுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பங்குனியிலிருந்து ஆறு மாதம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று. "ஆறு மாசமா? அப்ப குடித்தனத்த வீடியோ கால்ல பண்ணிக்கலாம்" என்று நீ சொன்னாய். எல்லாரும் சிரித்தோம், அவளும்தான். சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு நீ கை கழுவ அடுப்படிக்கு வந்தபோது என்னிடம் மெல்லச் சொன்னாய். "அவளோட மேனேஜர் என் காலேஜ் ஃப்ரெண்டுதான்ப்பா. அவன்கிட்ட சொல்லி லிஸ்ட்லேர்ந்து பேர எடுத்துடச் சொல்லியிருக்கேன். அவளுக்குத் தெரிய வேணாம். சண்டை எதுக்கு?"

அப்போது நான் உன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. எனக்கு, தையலைப் பிரித்த அந்த ஒன்பது நாளும் அதைத் தவிர வேறு ஞாபகமே இல்லை. நீ என்னைவிடப் படித்தவன், குடிக்காதவன், அவளிடம் குரலை உயர்த்தாதவன். நானும் குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. நல்ல மாப்பிள்ளை என்றுதான் கரையான்சாவடியில் எனக்குப் பெயர். சண்டை வேண்டாம் என்றுதான் நானும் செய்தேன். சண்டை வரவே இல்லை. வராமலே போனதால், இந்த வயதில் எனக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிவி பார்க்கிற ஒருத்தியோடு இருக்கிறேன். அவள் சமைக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், என் சட்டையைத் துவைக்கிறாள். என்னிடம் கேட்பதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை.

போன புதன்கிழமை நித்யாவுக்குப் போன் செய்தேன். உன்னிடம் பேசி உன்னைத் திருத்திவிடலாம் என்று முதலில் நினைத்தது உண்மை. ஆனால் நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாமல் காரியத்தை முடித்திருப்பாய். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அதனால் அவளிடமே சொன்னேன். பாபின் கேஸைப் பற்றியும் சொன்னேன், உன் சிநேகிதனைப் பற்றியும் சொன்னேன்.  முழுவதும் கேட்டுவிட்டு, "அத்தை சனிக்கிழமை வீட்ல இருப்பாங்களா மாமா? நான் வந்து அவங்கள மட்டும் பாக்கணும்" என்றாள். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்த அப்பன் என்று நீ சொல்லலாம். சொல். கல்யாணம் நின்றால் அந்தப் பழியும் எனக்குத்தான், தெரிந்தே செய்தேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள், உட்காரவில்லை. உன் அம்மா அவளை உள் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். உன் அம்மா பாதி திறந்து, இரண்டு டம்ளரையும் வாங்கிக்கொண்டு, மறுபடி சாத்திவிட்டாள். வெளியே நின்றால் கேட்டிருக்கும். நிற்கவில்லை. தெருமுனை வரை போய் ரயில்வே கேட் பக்கம் நின்றுவிட்டு, இரண்டு ரயில் போன பிறகு திரும்பினேன். அப்போதுதான் நித்யா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். உன் அம்மா வாசல்வரை வந்து அவள் தலையில் கை வைத்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நித்யா இந்த வாரம் உன்னோடு பேசுவாள். என்ன முடிவு சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சொல்லும்போது சிரிக்காதே. நடுவில் பேசாதே. அவள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்து கேள்.

அப்பா